நான்கு கைத் தலைவர்

1.

இந்தக் கதை ஓர் அட்டைப்படத்திலிருந்து வந்தது. லண்டன் வெம்பிளியில் ஒரு தமிழ்ச் சங்கம். (பெயர் வேண்டாம். மூன்றாக உடைந்து, மூன்று துண்டும் அதே பெயரை வைத்திருக்கின்றன.) அதன் 2006ஆம் ஆண்டு மலரில் தலைவர் சற்குணம் கோட்டும் பொன்னாடையுமாக நிற்கிறார். அவருக்கு நான்கு கைகள். கீழே: "நமது தலைவர் நடனமாடுகையில்."

மேலதிகமான இரண்டு கைகளும் சுகார்த்தியுடையவை. அவர் பெயர் மலரில் இல்லை. அதனால் கதை அவருக்கு.

2.

தொடக்கம்: "பாலித் தீவின் அலைகள் ஆர்ப்பரிக்க" (இந்த வரியை அடித்துவிட்டேன். சுகார்த்தி இருப்பது கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில், ஒரு சலவைக்கடைக்கு மேலே. அங்கே ஆர்ப்பரிப்பவை யந்திரங்கள்.)

இன்னொன்று: "தெய்வீகக் கலையின் கடைசி வாரிசான" (அதுவுமில்லை. ஊரில் தங்கைகளும் ஆடுகிறார்கள். தன்னைவிட நன்றாக என்று அவரே சொல்கிறார்.)

சரி, நேராகவே சொல்கிறேன். சுகார்த்தி பாலித் தீவிலிருந்து வந்தவர், பாலி நடனம் ஆடுபவர், சனிக்கிழமைகளில் கற்பிப்பவர். வகுப்பு நடந்த தேவாலய மண்டபத்தை யோகாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். வேறு இடம் கிடைக்காவிட்டால் வகுப்பு கலைந்துவிடும். மாணவிகளில் ஒருத்தி பியற்றிஸ், சங்கத்தின் செயலாளர்.

"எங்கட மண்டபம் சனிக்கிழமை சும்மாதான் கிடக்கு, அக்கா. தலைவரிட்டக் கேக்கிறன்."

3.

தலைவர் மறுக்கவில்லை. தலைவர்கள் மறுப்பதில்லை, நிபந்தனை வைப்பார்கள்.

"ஆண்டு விழாவில ஆடட்டும். ஆடி முடிய மைக்கில ஒரு வசனம் மட்டும் காணும். இந்த ஆட்டத்தைத் தங்களுக்குத் தமிழர்தான் சொல்லித் தந்தவை எண்டு."

"ஆதாரம் இருக்கோ அண்ணை?" என்றாள் பியற்றிஸ்.

"அதுக்குத்தானே அவவைச் சொல்லச் சொல்லுறன்."

(இவர் கேலிச்சித்திரமாகிவிடுவாரோ என்று பயந்து ஒரு நல்ல குணம் தேடினேன். விழா முடிந்ததும் கதிரை அடுக்குவார். கமெரா போன பிறகும் அடுக்குவார். கிடைத்தது இவ்வளவுதான்.)

4.

விழாவில் வரவேற்புரை, வாழ்த்துரை, ஆசியுரை, விட்டுப்போனவர்களின் வாழ்த்துரை. நெஞ்சிலிருந்து இடுப்புவரை தங்கநிறத் துணியை இறுக்கிச் சுற்றியிருந்ததால் சுகார்த்திக்கு உட்காரவும் முடியவில்லை. ஓரத்தில் நின்றார். பிறகு ஆடினார். கண்கள் பக்கவாட்டில் வெட்டியபோது முன்வரிசையில் பேச்சு நின்றது.

மைக் வந்தது. பொய் சொன்னால் மண்டபம். அவர் நெஞ்சில் ஒரு புயல் (இல்லை. அந்தத் துணியின் இறுக்கத்தில் புயலுக்கு இடமில்லை.)

சுகார்த்தி ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, பியற்றிஸ் தலைவரைப் பார்த்தாள்.

"உங்கட ஆட்டமாமே அண்ணை. ஒருக்கா வந்து நிண்டு காட்டுங்கோவாம்."

பாலியில் ஆசிரியர் முன்னால் நின்று சொல்லிக்கொடுப்பதில்லை. மாணவரின் பின்னால் நின்று, மணிக்கட்டைப் பிடித்து, உடம்பையே வளைத்தெடுப்பார். சற்குணம் பெரிய உருவம். சுகார்த்தி அவருக்குப் பின்னால் காணாமலே போனார். தலைவரின் முழங்கால்கள் மடிந்தன, முதுகு உள்ளே போனது, முழங்கைகள் தோளுக்கு ஏறின. கண்கள் தாமாகவே உருண்டன. சனம் கைதட்டியது. படம் எடுத்தார்கள்.

சுகார்த்தி கையை விட்டார். தலைவர் நிமிரவில்லை.

"தோள் பிடிச்சுக் கொளுவிட்டுது, பிள்ளை," என்றார், மைக்குக்குப் பக்கத்தில். அன்றைய விழாவில் அதற்குமேல் வசனம் இல்லை.

5.

முடிவு அ: தலைவர் மனம் நெகிழ்ந்து மண்டபச் சாவியை (நீங்கள் நம்பமாட்டீர்கள்.)

முடிவு ஆ: சுகார்த்தி பாலிக்கே திரும்பி (எழுதுகிறவனுக்கு விமானச் சீட்டு மலிவு. அவருக்கு அப்படியில்லை.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அடுத்த ஞாயிறு செயற்குழு கூடியது. வசனத்தைச் சொல்லாதவருக்கு மண்டபம் கொடுப்பதா? வாக்கு சரிபாதியாகப் பிரிந்தது. மிச்சம் தலைவரின் வாக்கு.

"ஓமெண்டால் கையைத் தூக்குங்கோ, அண்ணை," என்றாள் பியற்றிஸ்.

"தூக்க ஏலாது. வாயால சொன்னால் காணாதோ?"

"சங்கத்து யாப்புச் சட்டத்தில கை எண்டுதான் கிடக்கு. நீங்கள் எழுதின யாப்பு."

தலைவர் யோசித்தார். கை மேசையிலிருந்து கொஞ்சம் எழுந்தது. ஓமென்று எழுந்ததா, தேநீருக்கு எழுந்ததா என்று இவ்வளவு கிட்ட நின்றும் எனக்குத் தெரியவில்லை. சுகார்த்தி கதவுக்கு வெளியே நிற்கிறார். உறுப்பினரல்லாதோர் உள்ளே வரக்கூடாது.

நீங்களும் உறுப்பினரில்லைதான். ஆனால் வாசிக்கிறவரை யார் தடுக்கப்போகிறார்கள்? உள்ளே வாருங்கள். தலைவருக்குப் பின்னால் நில்லுங்கள், பெரிய உருவம், உங்களையும் மறைத்துவிடும்.

மணிக்கட்டு அதோ.