சின்னதுரை வைத்த சேனை

பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்த தமிழரசியை, மலையாளத்து நர்ஸ் சிஸ்டர் ஏலியம்மா முந்தானையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

“எங்கோட்டு போறது? காலையில பிரசவிச்சவளுக்கு மாடி கேக்குதோ?”

“மேல அப்பாகிட்ட சிஸ்டர். பிள்ளையக் காட்டிட்டு வந்திருதேன்.”

“ஆம்பளை வார்டுக்குப் பச்சைக் குழந்தையோ? இருமலும் சளியுமா கிடக்குது எல்லாம். நீயும் நர்ஸ்தானே? வேற ஒருத்தி கொண்டுபோனா நீ விடுவியோ?”

விடமாட்டாள்தான். தமிழரசி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாடியில், ஜன்னலோரக் கட்டிலில், அவளுடைய அப்பா சின்னதுரை மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தார். இருதயம் களைத்துவிட்டது, இன்றைக்குப் பொழுது தாண்டினால் பெரிது என்று டாக்டர் காலையில் ஜெயசீலனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். ஜெயசீலன் தமிழரசியின் கணவன். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். வேறு வேலைக்கு லாயக்கில்லாமல்தான் மிஷனெரியாகப் போனான் என்று மாமனார் கேலி செய்வார். பிரசவ அறை வாசலில் அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

நாசரேத்துப் பக்கத்திலிருந்து ஊழியத்துக்கென்று இருவரும் புனேவுக்கு வந்தது தொண்ணூற்று நான்கில். விஷ்ராந்த்வாடியில் இரண்டு அறை வீடு, அதற்குப் பின்னால் தகரக் கூரைக் குடிசைகளாக ஒரு வஸ்தி. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டம் அவன் பாடு. மற்ற நாளெல்லாம் வஸ்திக் குழந்தைகளைத் தராசில் போட்டு எடை பார்ப்பது அவள் பாடு. பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், வசம்பு உரைக்க வேண்டாம், கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு முதல் பாலையே கொடுங்கள் என்று அவள் வாசல் வாசலாகச் சொல்லிப் பார்த்தாள். சீம்பால் அழுக்குப் பால் என்று பெண்கள் சுவரோரமாகப் பீய்ச்சிவிட்டார்கள். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் வாடி வதங்கின. வஸ்தியின் பெரிய மனுஷி பார்வதி ஒருநாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “நீ ஒண்ணு பெத்துட்டு வந்து சொல்லு பாய், அப்போ கேக்கறோம்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். பெண்களை மரியாதையாகக் கூப்பிட அங்கே ‘பாய்’ என்பார்கள். அன்றைக்குத் தமிழரசி வீட்டுக்கு வந்து அழுத அழுகை கொஞ்சமல்ல.

அதற்குப் பிறகுதான் இந்தப் பிள்ளை வயிற்றில் வந்தது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊர்ச் சட்டம். தாயோ போய்ச் சேர்ந்து வெகுகாலம். “தாய்வீடுதான வேணும்? வீட்டையே தூக்கிட்டு வாரேன்” என்று எஸ்.டி.டி. பூத் போனில் கத்திவிட்டு, பேறுகால மருந்துச் சாமான், நல்லெண்ணெய், கருப்பட்டி, பிள்ளைக்குப் பால் புகட்ட அம்மாவின் மூக்கு வைத்த வெள்ளிப் பாலாடை சகிதம் சின்னதுரை ரயிலேறிவிட்டார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வண்டிக்கு ஹாரன் எதற்கு என்று டிப்போவில் சொல்வார்களாம். அப்படி ஒரு தொண்டை. கோபமோ அதற்கு மேல். இந்தி தெரியாததைப் பற்றி அவர் கவலைப்படவேயில்லை. தமிழையே இன்னும் சத்தமாகச் சொன்னால் யாருக்கும் புரியும் என்பது அவர் கட்சி. வஸ்தி முழுக்க அவரை ‘பாபா’ என்றது.

அந்தக் கோபத்தால்தான் அவருக்கு ஒரு தீராத ஆசை. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டு இனிப்பைத் தொட்டு வைப்பதற்கு அவர்கள் பக்கத்தில் சேனை வைப்பது என்று பெயர். சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வந்துவிடும் என்பார்கள். ஆகவே ஊரில் பிறந்த ஒரு பிள்ளைக்கும் சின்னதுரையை யாரும் கூப்பிட்டதில்லை. தங்கச்சி பிள்ளைகளுக்கு இல்லை. பெற்ற மகள் தமிழரசிக்கே, அவர் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வருவதற்குள் அமைதியே உருவான பெரியம்மாவை வைத்து முடித்துவிட்டார்கள். கருப்பட்டித் துண்டோடு வாசலில் நின்ற மனுஷர் அதைத் தானே தின்றுவிட்டு மறுபடி வண்டியேறப் போனாராம்.

“இங்கன எவனும் என்னியத் தடுக்க முடியாதுல்லா?” என்று புனே வந்த அன்றே குஷியாகக் கேட்டார்.

தமிழரசிதான் தடுத்தாள். “எப்பா, நான் ஊருக்கெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டு என் பிள்ளைக்கு வச்சா, நாளைக்கு எவ என் பேச்சைக் கேப்பா? நீங்களே சொல்லுங்க.”

“ஒரு சொட்டுட்டீ!”

“ஒரு சொட்டும் கிடையாது.”

அப்பா கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. கருப்பட்டியைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். முந்தாநாள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோதும் அந்தச் சட்டையைக் கழற்ற விடவில்லை என்று ஜெயசீலன் சொன்னான்.

படியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அதெல்லாம் நினைவுக்கு வந்தது. பேத்தி பிறந்திருக்கிறாள், பார்க்காமலே போய்விடுவாரே. சிஸ்டர் ஏலியம்மா அவளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

“குழந்தையை மேல கொண்டுபோகக் கூடாது. அது ரூல். ஆனா நோயாளியைக் கீழ கொண்டுவரக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. டாக்டர்கிட்ட நான் கேட்டு வரட்டே.”

டாக்டர் என்ன சொன்னாரோ, கொஞ்சநேரத்தில் சரிவுப் பாதையில் தள்ளுவண்டி இறங்கி வந்தது. ஆக்ஸிஜன் சிலிண்டரை ஒருவன் உருட்டிக்கொண்டு வர, தலைமாட்டில் ஜெயசீலன். சின்னதுரைக்குத் தலை வாரி விட்டிருந்தார்கள். மகளைக் கண்டதும் முகமூடியை அவரே விலக்கினார்.

“என்னட்டீ பிள்ள?”

“பொம்பளப் பிள்ளப்பா.”

“தருவியா?”

பிரசவ வார்டு வராந்தாவில் நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். அதில் பார்வதியும் இருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கென்று பிசின் லட்டு செய்து டப்பாவில் எடுத்து வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்தது லட்டு கொடுக்க மட்டுமல்ல, ஊருக்குப் பாடம் சொல்லும் வாத்திச்சி தன் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாள் என்று பார்க்கவும்தான். அவள் மருமகளுக்கு இன்றோ நாளையோ என்றிருந்தது.

சின்னதுரை சட்டைப்பையில் கைவிட்டார். தாள் மடிப்பைப் பிரித்தார். கருப்பட்டித் துண்டு வெளியே வந்தது.

வேண்டாம் என்று சொல்ல இனி தமிழரசியால் ஆகாது. வைக்கட்டும். வஸ்தி போனால் போகட்டும், அப்பாவுக்கு மிஞ்சி என்ன இருக்கிறது என்று ஒரு மனம் சொல்லிவிட்டது. பிள்ளையை அவர் பக்கம் நீட்டினாள்.

சின்னதுரை மகளைப் பார்த்தார். லட்டு டப்பாவோடு நின்ற பார்வதியைப் பார்த்தார். கருப்பட்டியை மருமகன் கையில் வைத்தார்.

“காப்பியில போட்டுக் குடிங்க மாப்ள. நல்ல கருப்பட்டி.” மூச்சு வாங்கினார். “ஏட்டி, நீ இந்தச் சனத்துக்கெல்லாம் என்ன வைக்கச் சொல்லுவியோ, அதக் கொண்டா. சோப்பும் கொண்டா. கை கழுவாம தொட்டேன்னு நாளைக்கு எவளும் சொல்லிறப்படாது.”

ஜெயசீலன்தான் முதலில் அசைந்தான். பையிலிருந்து சிவப்பு சோப்பை எடுத்து, ஒரு சட்டியில் தண்ணீர் பிடித்து வந்து, மாமனாரின் கையை விரல் விரலாகக் கழுவிவிட்டான். தமிழரசி சுவர்ப்பக்கம் திரும்பி, கொதிநீரில் போட்டு எடுத்த பாலாடையில் சீம்பாலைப் பீய்ச்சினாள். மஞ்சளாக, கெட்டியாக, நாலு சொட்டு. பார்வதி எட்டிப் பார்த்தாள்.

ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய விரலைச் சின்னதுரை அந்தப் பாலில் தொட்டார். பிள்ளையின் உதட்டைத் திறந்து நாக்கில் வைத்தார். பிள்ளை ஒரு சப்புச் சப்பியது. விரலை எடுத்ததும் வீறிட்டது பாருங்கள், மாடி வார்டிலிருந்து இரண்டு பேர் வராந்தாவை எட்டிப் பார்த்தார்கள்.

“கேட்டியா?” என்றார் சின்னதுரை. மூச்சில்லாத மனுஷருக்குச் சிரிப்பு மட்டும் வந்தது. “கேட்டியாட்டீ? வந்துட்டுல்லா! நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ள கிடைக்காதுன்னு உன் பெரியம்மா சொல்லப்போறா.”

“சொல்லட்டும்ப்பா. பொம்பளப் பிள்ளைக்குச் சத்தம் இருக்கட்டும்.”

“இருக்கட்டும்” என்றார் அவரும். தள்ளுவண்டி சரிவில் ஏறி மறையும் வரையில் அந்த விரலைப் போர்வைக்குள் வைக்காமல் நிமிர்த்திப் பிடித்தபடியே போனார். ஜெயித்த கட்சிக்காரர் போகிற மாதிரி இருந்தது அது.

சாயங்காலம் ஜெயசீலன் கீழே வந்தான். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் காலருகே உட்கார்ந்தான். காலையில் பார்த்த அதே முகம். பிள்ளை குடித்து முடிக்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் வீட்டு முன்னறையில் அப்பாவின் பெட்டியை வைத்தார்கள். தூரத்து ஆகுர்டியிலிருந்தெல்லாம் வந்திருந்த சபையார் பாட்டுப் பாடினார்கள். பச்சை உடம்புக்காரி பிரேதத்துக்குக் கிட்டே வரக் கூடாது என்று ஒரு அம்மாள் கதவை மறித்தாள். தமிழரசி அவளை மெல்ல நகர்த்திவிட்டு வந்து, பிள்ளையோடு பெட்டியருகில் நின்றாள். போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். பேத்தி அவரைவிடச் சத்தமாகத் தொடங்கினாள். போதகர் கண்ணைத் திறந்து பார்த்து, குரலை உயர்த்தி, முடியாமல் சுருக்கமாக ஆமென் சொல்லிவிட்டார். துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது. ஆனாலும் சிரித்தார்கள். அழுதுகொண்டே தமிழரசியும் சிரித்தாள்.

ஆண்கள் அடக்கத்துக்குப் போய்விட்டார்கள். கூட்டம் கலைந்த வீட்டில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது, புழக்கடைக் கதவைத் தட்டிக்கொண்டு பார்வதி வந்தாள். ஓடி வந்திருக்கிறாள் என்று மூச்சு சொல்லிற்று.

“பாய், மருமகளுக்குப் பையன் பொறந்திருக்கான். இப்பத்தான்.”

“சுகமா இருக்காங்களா?”

“சுகம், சுகம். அந்த மூக்கு வச்ச கிண்ணம் இருக்கே, அதைக் குடு. பாலை நான் கொட்ட விடல.”

தமிழரசி பாலாடையைக் கொதிநீரில் போட்டு எடுத்து, துவைத்த துணியில் சுற்றிக் கொடுத்தாள். பார்வதி நகரவில்லை.

“அந்தச் சோப்பு?”

“எந்தச் சோப்பும் போதும் பார்வதிபாய். உங்க வீட்டுல இருக்கிறதே போதும்.”

“போதாது” என்றாள் பார்வதி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. “பாபா கை கழுவின சோப்புதான் வேணும்.”

சோப்புக்கும் பாபாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எந்தச் சோப்பானாலும் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் கிருமி போய்விடும் என்று விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள் நர்ஸ் தமிழரசி. பிறகு பேசாமல் உள்ளே போய், ஆஸ்பத்திரிப் பைக்குள் தேடி, அந்தச் சிவப்பு சோப்பை எடுத்து வந்து பார்வதியின் உள்ளங்கையில் வைத்தாள்.

பார்வதி இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு தகரக் கூரைகளுக்கு நடுவே வேகமாக நடந்தாள். உள்ளே பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது. சந்தின் திருப்பத்தில் பார்வதி நின்று, திரும்பிப் பார்த்து, கையைத் தூக்கி, “பாபா!” என்று சிரித்துவிட்டுப் போனாள்.