கல் திருடன்

கிரிசாந்தோவை அந்த ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கல் திருடன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். காட்டுக்குள் இருக்கும் மாயர் இனத்தார் கட்டிய பழைய படிக்கட்டுக் கோயிலுக்குக் காவல்காரராக இருந்தவர், அங்கிருந்த அரசியின் முகச் சிற்பத்தை அறுத்து விற்றுவிட்டார் என்று ஆறு வருஷம் ஜெயிலில் போட்டார்கள். இப்போது அதே கோயில் முற்றத்தின் ஓரம், இலவமரத்தடியில், ஆரஞ்சுச் சுளைக்கு மிளகாய்ப்பொடி தூவி விற்கிறார்.

"என்ன கிழவா, இன்னைக்கு எந்தக் கல்லைத் தூக்கப்போறே?"

இப்போதைய காவல்காரன் செலெஸ்தினோ தினமும் காலையில் இதைக் கேட்டுவிட்டுத்தான் ஓசியில் ஒரு ஆரஞ்சை எடுப்பான். கிழவரின் மகள் ஒதீலியா அங்கேதான் கைடு. காதில் விழும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அன்று ஸ்பெயினிலிருந்து இருபது பேர் வந்து இறங்கினார்கள். கூட்டத்தின் நடுவில் வெள்ளைத் தொப்பியும் கைத்தடியுமாகப் பேராசிரியர் கொன்ராதோ. இந்தக் கோயிலைத் தோண்டியெடுத்த மகான். முகத்தை அறுத்தது கிரிசாந்தோதான் என்று கோர்ட்டில் சத்தியம் பண்ணியதும் அதே மகான்தான். எழுபத்தைந்து வயசு. பாவிக்கு ஒரு கேடு வந்திருக்கிறதா? குத்துக்கல் மாதிரி நின்றான்.

இலவமரத்தடிக்குப் போய் ஆரஞ்சு வாங்கித் தின்றான். விற்றவரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கிரிசாந்தோவின் கத்தி மட்டும் பழத்தின் பாதியில் நின்றுவிட்டது. ஒதீலியா அதைப் பார்த்துவிட்டாள். இன்றைக்கு இவனை விட்டால் அவள் அப்பனுக்குப் பிறந்தவளே இல்லை.

"ஐயா, மேல ஏறலையா? வயசாயிடுச்சு, முடியாதுன்னா விட்டுடுங்க," என்றாள் பவ்யமாக.

"யாருக்கு முடியாது? நீ மூக்கொழுகிட்டுத் திரிஞ்சப்பவே இந்தப் படியில ஓடினவன் நான்!"

ஒதீலியா தன்னோடு வேலை செய்யும் வெனான்சியோவின் காதருகே போனாள். "தம்பி, எல்லாரையும் முற்றத்து நடுவுல உக்கார வை. செலெஸ்தினோவையும் இழுத்துட்டு வா. ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது." வெனான்சியோவுக்குப் புரிந்துவிட்டது. அக்கா பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்று ஓடினான்.

அந்தக் கோயிலின் சங்கதி அப்படி. உச்சியில் முணுமுணுத்தாலும் முற்றத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்கும். போன மாதம் தேனிலவுக்கு வந்த ஜோடி ஒன்று மேலே போட்ட சண்டையைக் கேட்டு, கீழே முப்பது பேர் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கொன்ராதோவுக்கு இது தெரியாது. அவன் காலத்தில் முற்றம் முழுக்கக் காடு. மரங்களை வெட்டிய பிறகுதான் கல் பேச ஆரம்பித்தது.

எண்பத்தாறு படி, செங்குத்து. ஏறுவது பெரிய காரியமில்லை. இறங்கத்தான் உயிர் போகும். ஊர்க்காரர்கள் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்குவார்கள். அவன் காலத்தில் கயிறு கட்டியிருந்தது, இப்போது அதுவும் இல்லை.

ஒதீலியாவோடு உச்சிக்குப் போய்க் கீழே பார்த்தான், அவ்வளவுதான். அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏம்மா, கையைக் குடு. தலை சுத்துது."

"நான் யாரு பொண்ணுன்னு தெரியுமா ஐயா? காவக்காரர் கிரிசாந்தோ பொண்ணு."

அவன் முகம் வெளிறியது. "அதெல்லாம் பழங்கதை."

"ஜெயில் வாசல்ல நின்னு நின்னே எங்கம்மா செத்தாளே, அது பழங்கதையா? முகத்தை அறுத்தது யாரு? சொன்னா கூட்டிட்டுப் போறேன். இல்லைன்னா நான் பாட்டுக்கு இறங்கிடுவேன்." சொல்லிவிட்டு இரண்டு படி இறங்கியும் விட்டாள்.

"நில்லு, நில்லு!" சுற்றுமுற்றும் பார்த்தான். மேலே ஒரு ஈ காக்கை இல்லை. "இங்க யாரு கேக்கப்போறா... நான்தான் அறுத்தேன். உங்கப்பனைக் கடுதாசி குடுத்து டவுனுக்கு அனுப்பிட்டு அறுத்தேன். போதுமா?"

"அப்புறம் ஏன் எங்கப்பா பேரைச் சொன்னீங்க?"

"வேற யார் பேரைச் சொல்றது? என் பேச்சுக்கு முன்னாடி ஒரு காட்டான் பேச்சு எடுபடுமா? இப்பவும்தான், நீ கீழ போய்ச் சொன்னா யார் நம்புவா?" சிரிக்க வேறு செய்தான்.

"நான் எதுக்கு ஐயா சொல்லணும்? அதான் நீங்களே சொல்லிட்டீங்களே. கீழ பாருங்க. இங்க பேசினா அங்க அட்சரம் பிசகாம கேக்கும்."

முற்றத்தில் இருந்த அத்தனை முகங்களும் அண்ணாந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு பெண் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"கையைக் குடு! கூட்டிட்டுப் போறேன்னு சொன்னியே!"

"எங்கப்பாவும் ஆறு வருஷம் கையை நீட்டிட்டுத்தான் இருந்தாரு." ஒதீலியா திரும்பிப் பார்க்காமல் பக்கவாட்டில் கால் வைத்து விறுவிறுவென்று இறங்கினாள்.

கீழே செலெஸ்தினோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இலவமரத்தடியில் நின்றான். "ஐயா... கிரிசாந்தோ ஐயா..."

"யாராவது வாங்களேன்! என்னை இறக்கி விடுங்களேன்!" உச்சியிலிருந்து வந்த அழுகை எல்லோர் காதிலும் தெளிவாக விழுந்தது. கூட வந்தவர்களில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

கிரிசாந்தோ கத்தியைத் துடைத்துக் கூடையில் வைத்தார். முற்றத்தின் நடுவுக்கு நடந்தார். இருபத்திரண்டு வருஷமாகக் குரல் உயர்த்தாத மனுஷன், இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு அண்ணாந்தார்.

"பக்கவாட்டுல இறங்குடா, கல் திருடா!"