உயிருடன் இருந்தால் பதில் தரவும்

ஒரு மனிதன் செத்துவிட்டான் என்று சட்டத்தை நம்ப வைக்கப் பிணம் வேண்டும், இல்லையென்றால் ஏழு வருஷ மௌனம் வேண்டும். பிணம் கிடைக்காதவர்கள் எங்கள் ஆபீசுக்கு வருவார்கள். முப்பத்தோரு வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். காணாமல் போனவர்களைச் சட்டப்படி சாகடிப்பதில் இந்தக் கோர்ட் வளாகத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, வேலை அப்படி.

முன்பெல்லாம் அது சுலபம். மனைவி, அண்ணன் தம்பி, கூட வேலை பார்த்தவர்கள் என்று அவரைப் பற்றிக் கேள்விப்பட வேண்டியவர்கள் யாருமே ஏழு வருஷமாக ஒன்றும் கேள்விப்படவில்லை என்று சத்தியம் செய்தால் போதும். கடிதம் வந்ததா? வரவில்லை. யாராவது பார்த்தார்களா? பார்க்கவில்லை. கதை முடிந்தது. இந்த இன்டர்நெட் வந்துதான் எல்லாவற்றையும் குட்டிச்சுவராக்கிற்று. ஆள் செத்தாலும் அவன் கணக்கு சாவதில்லை. அவன் பழைய படத்துக்கு எவனோ லைக் போடுகிறான். 'இவரை உங்களுக்குத் தெரியுமா?' என்று அவன் முகத்தை அவன் பெண்டாட்டிக்கே காட்டுகிறது. யாராவது அதைப் பிரிண்ட் எடுத்து நீட்டினால், நீதிபதி கண்ணாடியை மூக்குக்கு இறக்கி எங்களை ஒரு பார்வை பார்ப்பார்.

அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மனு போடுவதற்கு முன்னால், காணாமல் போனவரின் பழைய எண்ணுக்கு ஆபீஸ் ஃபோனிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்புவேன். 'வணக்கம். தாங்கள் உயிருடன் இருந்தால் மூன்று நாட்களுக்குள் பதில் தரவும். தவறினால் தாங்கள் இறந்துவிட்டதாகக் கருதப்படுவீர்கள்.' மூன்று நாள் கழித்துப் பார்த்தால் ஒற்றைச் சாம்பல் டிக் அப்படியே நிற்கும், போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அதைப் படம் பிடித்து என் பிரமாணப் பத்திரத்தோடு இணைப்பேன். நீதிபதிகளுக்குப் பிடித்துப்போயிற்று. மற்ற குமாஸ்தாக்களும் அதையே எழுத ஆரம்பித்தார்கள். பதினொரு வழக்கு, பதினொரு ஒற்றை டிக். யாராவது பதில் போட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

பன்னிரண்டாவதாக வந்தவள் ஒரு தையல்காரி. நாற்பதைத் தொடும் வயது. பிள்ளை இல்லை. பேசும்போது எதிரில் இருப்பவரின் தோள் அளவைக் கண்ணால் எடுத்துக்கொண்டே பேசுவாள். அவள் கணவன் ஏசி மெக்கானிக். ஏழு வருஷத்துக்கு முன் ஒருநாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. எந்தக் கட்டடத்துக்குப் போனான் என்றுகூடத் தெரியாது. போலீஸ் தேடிக் கைவிட்டது.

"இன்னொருத்தர் மூணு வருஷமா எனக்காகக் காத்திட்டிருக்கார்ணா," என்றாள். தெருமுனை மருந்துக்கடைக்காரர். "கட்டிக்கிறேன்னு சொல்ல முடியல, வேணாம்னும் சொல்ல முடியல. நான் யாருன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. போதும்."

எங்கள் வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். இவருடைய அப்பாவிடம்தான் நான் முதலில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அதனால் ஆபீசில் நான் அவருக்கு மாமா. "ஏழு வருஷம் முடிஞ்சு ஒன்பது நாள் ஆச்சு. மெசேஜ் அனுப்பிடுங்க மாமா," என்றார்.

அன்று மாலையே அனுப்பினேன். அந்த எண்ணில் அவன் படம் இன்னும் இருந்தது. ஒரு மொட்டை மாடியில் ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில், முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒற்றை டிக் விழுந்தது. வழக்கம்போலப் படம் பிடித்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மதியம் மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு நான் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது, மேஜையில் இருந்த ஃபோனைத் தற்செயலாகப் பார்த்தேன். டிக் இரண்டாகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் நீலமாயின. படித்துவிட்டான். மேலே அவன் பெயருக்குக் கீழே 'டைப் செய்கிறார்' என்று வந்தது. அரை நிமிஷம் இருந்து மறைந்தது. மெசேஜ் எதுவும் வரவில்லை. வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரம், ஜன்னல் வழியே தெருச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் பின்கழுத்து முடி சிலிர்த்தது.

அடுத்த நாளும் அதே நேரத்துக்கு 'டைப் செய்கிறார்' வந்துவிட்டு மறைந்தது. என்ன சொல்வதென்று யோசித்து யோசித்து விட்டுவிடுகிற மாதிரி இருந்தது. மூன்றாம் நாள்தான் கெடு. அன்று பதில் வந்தது. ஒரே ஒரு வார்த்தை.

'தெரியல.'

உயிருடன் இருந்தால் பதில் தரவும் என்று கேட்டதற்குத் தெரியல என்று ஒரு பதில்! பயம் வர வேண்டிய இடத்தில் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முப்பத்தோரு வருஷத்தில் இப்படிப் பிடிகொடுக்காத வாக்குமூலத்தை நான் பார்த்ததில்லை. நீங்கள் யார் என்று திருப்பிக் கேட்டேன். பதில் இல்லை. அழைத்துப் பார்த்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. டெலிஃபோன் கம்பெனிக்கு எழுதிக் கேட்டோம். ஆறு வருஷத்துக்கு முன்பே துண்டிக்கப்பட்ட எண், அதற்குப் பிறகு வேறு யாருக்கும் தரவில்லை என்று முத்திரை குத்திய கடிதம் வந்தது.

"பழைய ஃபோன் யார் கையிலயாவது மாட்டியிருக்கும் மாமா. சிம் இல்லாட்டியும் வைஃபை இருந்தா வேலை செய்யும்," என்றார் வக்கீலம்மா. சொல்லிவிட்டுக் கடிதத்தை இன்னொரு முறை படித்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் எடுத்த ஒற்றை டிக் படம் என்னிடம் இருந்தது. அதை இணைத்துவிட்டு மற்றதை அழித்துவிட்டால் எவனுக்கும் தெரியாது. அந்தப் பெண் அடுத்த மாதமே விதவை, அதற்கடுத்த மாதம் மறுபடி மனைவி. பிரமாணப் பத்திரத்தையும் அடித்து முடித்து, அந்தப் படத்தையும் பின் போட்டு வைத்திருந்தேன். வக்கீலம்மா அதை எடுத்துப் பார்த்தார்.

"இதுல கையெழுத்துப் போடுவீங்களா மாமா?"

பேனாவை எடுத்தேன். கை எழவில்லை. பொய்ச் சத்தியத்துக்கு அஞ்சினேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். செத்தேனா இல்லையா என்று தெரியாமல் மூன்று நாள் யோசித்துப் பதில் போட்ட ஒருவனை, நீ செத்தாய் என்று நான் எழுதிக் கொடுப்பதா? முடியவில்லை.

தையல்காரியை வரவழைத்து ஃபோனைக் கையில் கொடுத்தோம். அழுவாள், மயங்கிவிழுவாள் என்று தண்ணீர்கூட எடுத்து வைத்திருந்தேன். அவள் படித்தாள். முகம் சிவந்தது.

"அவர்தான்," என்றாள். "சந்தேகமே இல்ல. ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தினேன். எப்ப வருவீங்கன்னா தெரியல. என்ன சமைக்கட்டும்னா தெரியல. என்னைப் பிடிச்சுத்தான் கட்டிக்கிட்டீங்களான்னு ஒருநாள் கேட்டேன். அதுக்கும் இதையேதான் சொன்னார்."

"வேற யாரோ விளையாடறாங்களோ என்னவோ," என்றார் வக்கீலம்மா.

"விளையாடறவன் இவ்வளவு சோம்பேறியா இருக்க மாட்டான் மேடம்." ஃபோனை மேஜையில் வைத்தாள். "சரி. செத்துட்டார்னு சொல்ல முடியாது, அவ்வளவுதானே? உயிரோட இருக்கார்னே வெச்சுக்குங்க. கட்டினவளை ஏழு வருஷம் அம்போன்னு விட்டுட்டுப் போனாரில்ல? அதுக்கு ஒரு சட்டம் இருக்குமே. நோட்டீஸ் வாங்கிக்கட்டும்."

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். படித்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தும் எங்களுக்குத் தோன்றவில்லை.

கைவிட்டுப் போன கணவனிடமிருந்து விவாகரத்து கேட்டு மனு போட்டோம். ஒரு காலத்தில் நோட்டீஸ் கொடுக்க ஆளைத் தேடிப் போக வேண்டும், ஆள் இல்லையென்றால் வீட்டுக் கதவில் ஒட்ட வேண்டும். கதவாவது வேண்டும் அதற்கு. இப்போது இரண்டு நீல டிக் விழுந்தால் நோட்டீஸ் சேர்ந்தது என்று கோர்ட் ஏற்றுக்கொள்கிறது. அனுப்பினேன். மதியம் மூன்று பத்துக்கு நீலமாயிற்று. விசாரணைத் தேதியையும் காணொலி லிங்க்கையும் அனுப்பினேன். அதுவும் நீலமாயிற்று.

விசாரணை அன்று ஆபீசிலேயே லேப்டாப் முன் உட்கார்ந்தோம். நடுவில் தையல்காரி, பக்கத்தில் வக்கீலம்மா, பின்னால் நான். திரையில் நீதிபதி ஒரு கட்டத்தில், நாங்கள் ஒரு கட்டத்தில். எதிர்மனுதாரர் வரமாட்டார், ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கிவிடலாம் என்பது எங்கள் கணக்கு. வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். மூன்றாவதாக ஒரு கட்டம் திறந்தது.

கறுப்பு. முகம் இல்லை, கீழே அந்த எண் மட்டும். அதிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மொட்டை மாடியில் ஏசி ஓடும்போது ஒரு உறுமல் கேட்குமே, அது. எங்கள் ஆபீசில் ஏசி கிடையாது. நீதிபதி, "யாரோட மைக் அது? ஆஃப் பண்ணுங்க," என்றார். உறுமல் நின்றது.

"எதிர்மனுதாரர் கேமராவைப் போடுங்க."

கறுப்பு அப்படியே இருந்தது.

"அம்மா, இது உங்க கணவர்தானா?"

தையல்காரி அந்தக் கறுப்புக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தாள். தோள் அளவை எடுக்கிறாளோ என்று நினைத்தேன். "ஆமாங்க," என்றாள்.

"எப்படிச் சொல்றீங்க?"

"கேமரான்னாலே திரும்பிக்குவார். கல்யாண போட்டோவுலயே அவர் காது மட்டும்தாங்க தெரியும்."

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டார். டெலிஃபோன் கம்பெனிக் கடிதத்தைப் புரட்டினார், சிரிப்பு போயிற்று. "எதிர்மனுதாரர் கவனிங்க. இந்த விவாகரத்துக்கு உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

கட்டத்துக்குப் பக்கத்தில் எழுத்து விழுந்தது. 'இல்லை.'

"மனுதாரர் கடைசியா ஏதாவது சொல்லணுமா?"

அந்தப் பெண் ஏழு வருஷக் கோபத்தை மடித்து வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். என்னென்ன கேட்கப்போகிறாள் என்று காலையிலிருந்து வக்கீலம்மாவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தவள். வாயைத் திறந்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

நீதிபதி தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார். எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். எதிர்மனுதாரர் காணொலி வழியாக ஆஜரானார், ஆட்சேபணை இல்லை என்று தெரிவித்தார் என்று உத்தரவில் ஏறிற்று. இனி அவன் உயிரோடு இருந்ததற்கு அதைவிடப் பெரிய சாட்சி இந்த உலகத்தில் கிடையாது.

தீர்ப்பு நகல் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வாங்கிக்கொள்ள அவள் வந்தாள். மருந்துக்கடைக்காரர் கீழே ஸ்கூட்டரில் காத்திருந்தார், சட்டை புதிதாக இருந்தது, அவள் தைத்ததாக இருக்கும். வக்கீலம்மா கோர்ட்டில் இருந்தார். நகல் எதிர்த்தரப்புக்கும் போக வேண்டும் என்பது முறை. அவள் முன்னாலேயே அனுப்பினேன். உடனே நீலமாயிற்று. 'டைப் செய்கிறார்' என்று வந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், மறையாமல் நின்றது. பிறகு எழுத்து விழுந்தது.

'அப்ப நான் போகலாமா?'

பயந்தேன், மறைக்க ஒன்றுமில்லை. பயத்துக்குப் பின்னால் வெட்கமும் வந்தது. பதில் தரவும் என்று நான்தான் கூப்பிட்டேன். நோட்டீஸ் விட்டேன், தேதி கொடுத்தேன், ஆஜராகச் சொன்னேன். எங்கிருந்தோ அவ்வளவுக்கும் வந்து வந்து நின்றிருக்கிறான். வந்தவனுக்கு விடைகொடுக்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஃபோனை அவளிடம் நீட்டினேன். படித்தாள். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். நம்மவர்கள் வீடு தேடி வந்து சண்டை போட்டவனைக்கூடப் போயிட்டு வாங்க என்றுதான் அனுப்புவார்கள். வெறுமனே போ என்று சொல்ல நாக்கு வராது. அவளும் அப்படித்தான் அடித்தாள், என் கண்ணால் பார்த்தேன். 'போயிட்டு வாங்க.' அனுப்பவில்லை. விரல் அப்படியே நின்றது. கடைசி வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். முதல் வார்த்தையையும் அழித்தாள்.

'போங்க' என்று மட்டும் அனுப்பினாள்.

நீலமாயிற்று. அவன் படம் இருந்த இடம் வெறும் வட்டமாயிற்று. அவள் ஃபோனைத் தன் முந்தானையால் துடைத்து என்னிடம் கொடுத்தாள், நகலைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"வரேன்ணா," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.