தொட்டால் தாவும் ஜன்னல்

மறுபடியும் ஃபோல்டர் தாவி முன்னால் வந்து பக்கத்தை மூடிக்கொண்டது. அப்பாவின் படத்தை மவுஸால் பிடித்து இழுத்து, அவருடைய நினைவு மலரின் முதல் பக்கத்தில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் படம் பின்னால் இருக்கும் ஃபோல்டரில்; அதன்மேல் மவுஸை அழுத்தியதுமே அது முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் வந்து நிற்கிறது. பக்கத்தைக் கொண்டுவந்தால் படம் மறைகிறது. படத்தைத் தொட்டால் பக்கம் மறைகிறது. காலையிலிருந்து இதே கூத்து. சாயங்காலம் அச்சகத்தில் மெஷின் ஓடிவிடும். அதற்குள் படம் போகாவிட்டால் அப்பா இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் கட்டம்தான். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, அதற்கும் நேரமில்லை.

இப்படித் தாவ வேண்டும் என்று முடிவு செய்த மகராசன் அடுத்த அறையில்தான் இருந்தான். கம்ப்யூட்டர் திரையில் திறக்கிற ஜன்னல்களுக்கு புரோகிராம் எழுதுவது அவள் கணவனின் பிழைப்பு. வெளியே விடுவதற்கு முன் எல்லாவற்றையும் அவள் கம்ப்யூட்டரில்தான் போட்டுப் பார்ப்பான். ஜன்னலைச் சின்னதாக்கலாம் என்றால், காப்பி பண்ணி ஒட்டலாம் என்றால், அதெல்லாம் இன்னும் எழுதவில்லையாம்.

"என்னங்க, உங்க ஜன்னல் என் உயிரை வாங்குது. கொஞ்சம் வந்து பாருங்க."

"தொட்டா முன்னால வரணும்மா, அதுதான் ஒழுங்கு," என்று அங்கிருந்தே குரல் வந்தது. "உனக்கு மவுஸ் பிடிக்கத் தெரியல."

கல்யாணத்துக்கு முன்பிருந்தே பக்கம் வடிவமைக்கிறவள் அவள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தொடறது வேற, இழுக்கறது வேற! நான் அதைக் கூப்பிடவே இல்ல. அதுக்குள்ள இருந்து ஒண்ணை எடுத்துக்கறேன், அவ்வளவுதான். விரலை எடுத்த பிறகு வந்து தொலையட்டுமே!"

அவன் வந்தான். வந்த வேகத்தில் மவுஸைப் பிடுங்கிக்கொண்டான், நாற்காலியையும் சேர்த்து. இவனும் அப்படித்தான். சின்னதாக ஏதாவது கேட்டால் போதும், முழுசாக முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவான்.

"இப்பப் பாரு," என்று படத்தின்மேல் அழுத்தினான். ஃபோல்டர் தாவியது, பக்கம் காணாமல் போனது. அப்பாவின் முகம் மட்டும் அம்புக்குறியின் நுனியில் மங்கலாக ஒட்டிக்கொண்டு நின்றது. இடப்பக்கம் இழுத்தான், வலப்பக்கம் இழுத்தான். எங்கே போனாலும் அடியில் அதே ஃபோல்டர்தான்.

"விட்டுடவா?" என்றான் மெதுவாக.

"விடாதீங்க. போட்டுக் காட்டுங்க."

போன் அடித்தது. அச்சகக்காரர்.

"படம் என்னம்மா ஆச்சு?"

"என் வீட்டுக்காரர் கையிலதான் இருக்கு அண்ணே," என்றாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அழுத்திய விரலின் நகம் வெளுத்திருந்தது. அந்தக் கை நடுங்க நடுங்க, திரையில் அப்பாவும் லேசாக ஆடிக்கொண்டிருந்தார்.