பெட்டிக்குத் தைத்த உறை

மேசையைச் சுவரோரம் போட்டு, ஒயர்களையெல்லாம் செருகி முடித்து, கடைசியாக ஆம்ப்ளிஃபயருக்கு அந்த நீல உறையை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார் வேன்காரர். பக்கத்தில் ஒரு நாற்காலி தரதரவென்று இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, மகள்தான். பொதுக்கூடத்தைச் சுற்றி அத்தனை நாற்காலி கிடக்க, ஒன்றை இழுத்துவந்து அவர் மேசையை ஒட்டிப் போட்டு உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். பரீட்சையில் பிட் அடிக்கும் பையன் பக்கத்தில் வாத்தியார் வந்து நிற்பதுபோல இருந்தது அவருக்கு.

“இங்க உக்காந்தா காது அடைக்கும்மா.”

“பரவால்லப்பா. நான் பாட்டு கேக்க வரல. இந்தப் பெட்டியப் பாக்கத்தான் வந்தேன்.”

அவள் வெளியூரிலிருந்து காலையில்தான் வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக அம்மாவின் இடது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீக்கம் வடிந்து மஞ்சளாகிப் போயிருந்தது.  பிறகு சமையலறையில் அவரைத் தனியாகப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள். “இன்னைக்கு ஒரு தடவ பாட்டு பாதியில நின்னாலும் அம்மாவ நான் கூட்டிட்டுப் போயிடுவேன். எங்க வீட்ல கீழ் ரூம காலி பண்ணி வச்சிருக்கேன். அங்க பத்திரமா இருக்கட்டும். ஆட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம்.” கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் நியாயமாகப் பேசிவிட்டாள். 

ஆட்டக்காரர் குடும்பம் ஒன்றும் இல்லை அவர்களுடையது. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து மனைவியின் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்திருப்பாரே தவிர, ஒரு பாட்டுக்குக்கூட ஆடியதில்லை. அந்த அம்மாளுக்கு நரம்பு வியாதி வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. முதலில் கை நடுங்கியது. பிறகு கால் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. நடந்துகொண்டே இருப்பாள், திடீரென்று பாதம் இரண்டும் தரையில் பசை போட்டதுபோல நின்றுவிடும். உடம்பு முன்னால் போகப் பார்க்கும், கால் வராது. அப்படியே குப்புற விழ வேண்டியதுதான். நடைப்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண்தான் அந்தக் கள்ளக் காலை ஏமாற்ற இரண்டு வழி சொன்னாள். ஒன்று, கண்ணெதிரே ஒரு கோடு கிடந்தால் அதைத் தாண்டக் கால் எழுந்துவிடும். இன்னொன்று, தாளம். நட என்றால் நடக்காத கால், தாளம் கேட்டால் தன்னால் போகும்.

அதனால் வீட்டுத் தரை முழுக்க, கட்டிலிலிருந்து குளியலறைவரைக்கும், அடிக்கொரு வண்ண டேப் ஒட்டிவைத்தார். தாளத்துக்கு இந்தக் கூடம். சனிக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்தார் கூடி ஆடிக்கொண்டிருந்த இடம்தான் இது. பாட்டுப் பெட்டி வைத்திருந்த ஆள் ஊர் மாறிப் போனதும் ஆட்டமும் நின்றுவிட்டது. “நான் போடறேன்” என்று வேன்காரர் யாரும் கேட்காமலே கையைத் தூக்கினார். அவருக்குப் பாட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வேனில் பிள்ளைகள் போடும் கூச்சல்தான். ஆனாலும் தேடி அலைந்தார். மூடிப்போன உடற்பயிற்சிக் கூடம் ஒன்றிலிருந்து இரண்டு ஸ்பீக்கர், மகள் கழித்துப்போட்ட லேப்டாப், பழைய சாமான் சந்தையில் உடைந்த மின்விசிறிகளுக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்த ஆம்ப்ளிஃபயர். புதுசு வாங்க வேண்டுமென்றால் வேனை விற்க வேண்டும். வேனோ அவருடையது இல்லை.

ஆம்ப்ளிஃபயர் மேலெல்லாம் துரு, ஒரு மூலையில் பெரிய சொட்டை. கூடத்துக்காரர்கள் அதற்குத் தகர டப்பா என்று பேர் வைத்தார்கள். அவருக்கு அது உறைக்கவில்லை, மனைவிக்கு உறைத்தது. “அது பாடிப்பாடித்தான நான் நடக்கறேன், அதப் போயி டப்பாங்கறாங்க” என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். மறுநாள் நீலத் துணி வாங்கிவரச் சொன்னாள். நடுங்குகிற கையோடு ஊசியைக் கோத்து, குத்திக்கொண்டு, விரலைச் சப்பிக்கொண்டு, வாரக்கணக்கில் உட்கார்ந்து தைத்தாள். தையல் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கியது. முன்னால் குமிழ்களுக்கு ஒரு ஜன்னல், பின்னால் ஒயர்களுக்கு ஒரு வாசல், ஓரமெல்லாம் வெள்ளை நாடா. தூசி இறங்கக்கூடாது என்று மேல்பக்கத்துக்கு மட்டும் இரட்டைத் துணி. அவள் தன் கையால் செய்து முடித்த ஒரே காரியம் அந்த வருஷத்தில் அதுதான். ஆடும்போது ஒவ்வொரு சுற்றிலும் மேசைப் பக்கம் திரும்பி அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள்.

உறை போட்ட முதல் வாரம் பாட்டு கடைசியில் பொசுக்கென்று நின்றது. முடிந்துவிட்டது என்று எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த வாரம் பாதி ஆட்டத்தில் நின்றது. நடுக்கூடத்தில் அவள் கால் ஒட்டி, மணிக்கட்டு அடியில் மாட்ட விழுந்தாள். வேன்காரர் ஒயரை மாற்றினார், பிளக்கை மாற்றினார். ரிப்பேர் கடைக்காரர் பெட்டியை ஒரு நாள் முழுக்கப் பாடவிட்டுப் பார்த்தார். “அண்ணே, இதுல ஒரு கோளாறும் இல்ல. கூட்டத்தப் பாத்து பதறிப்போயி நீங்கதான் எதையாவது அமுக்கியிருக்கீங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது ஜனம் சேர்ந்துவிட்டது. ரிட்டயர் ஆன தபால்காரர் வந்து, வழக்கம்போல வேன்காரர் மனைவியின் கையை வாங்கிக்கொண்டார். அவள் சுவரோரம் நின்றாள். பாதம் இரண்டும் தரையோடு தரையாக இருந்தன. வேன்காரர் பாட்டைப் போட்டார். முதல் அடி விழுந்தது, இரண்டாவது விழுந்தது, மூன்றாவதில் அவள் வலது கால் எழுந்தது.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. தபால்காரர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் அவள் ஒன்றரைச் சுற்றுச் சுற்றினாள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, யாரையோ பார்த்துத் தலையாட்டிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு போனாள். வேன்காரர் ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். கட்டியிருந்த கை எப்போது அவிழ்ந்ததோ, மடியில் கிடந்தது. அம்மா கட்டிலிலிருந்து எழுந்து வாசற்படிக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரத்தை மட்டுமே பார்த்திருந்தவள் அவள்.

“எப்பவும் இப்படித்தானாப்பா?”

“பாட்டு ஓடற வரைக்கும்.”

சொல்லியிருக்க வேண்டாம். அவள் கண் உடனே பெட்டியின் பச்சை விளக்குக்குப் போய்விட்டது. அவருக்கும் அங்கேதான் போயிற்று. அப்பாவும் மகளுமாக அடுப்பில் பாலை வைத்தவர்கள்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தத்தை அவர் வேண்டுமென்றே குறைத்துத்தான் வைத்திருந்தார். அதிகம் வேலை வாங்காமலிருந்தால் அது பாட்டுக்கு ஓடும் என்று ஒரு நப்பாசை.

“வேன் அண்ணே, பாட்டு எங்களுக்கா, எறும்புக்கா?” என்று பியூட்டி பார்லர்காரி ஆடிக்கொண்டே கேட்டுவிட்டுப் போனாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னும் இரண்டு பேர் கையைக் காட்டினார்கள். அதையும் பார்க்காதவர்போல இருந்தார். அடுத்த சுற்றில் மனைவியே மேசையைக் கடந்தாள். அவள் சிரிப்புக் குறைந்திருந்தது. “கொஞ்சம் கூட்டுங்களேன். தரையில தாளம் தெரியல, கால் தேடுது.”

அதற்குமேல் என்ன செய்வது. குமிழைத் திருகினார். ஸ்பீக்கர் நெஞ்சில் மோதியது. கூடமே ஓவென்று சந்தோஷப்பட்டது. அவர் மட்டும் பச்சை விளக்கையே பார்த்தார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. அதுவும் முடியப்போகும் நேரத்தில் மகள் மூக்கைச் சுளித்தாள்.

“அப்பா, யாரோ துணி அயன் பண்ற மாதிரி வாசன வருதுல்ல?”

வந்தது. அவர் உறையின் மேல் கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்துவிட்டார். ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிப்போயிற்று. பெட்டியின் மேல்பக்கத்தில்தான் வரிவரியாக ஓட்டைகள் இருக்கின்றன. சூடு போகிற வழி. அதன்மேல்தான் இரட்டைத் துணி. ரிப்பேர் கடையில் உறை இல்லாமல் பாடியது, அதனால் நாளெல்லாம் பாடியது. இன்ஜின் மூடிமேல் ஒரு பையை வைத்தாலே பிள்ளைகளைச் சத்தம்போடுகிறவர் அவர். முப்பது வருஷமாக வண்டி ஓட்டி என்ன பிரயோஜனம், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

கழற்றி எறிய வேண்டியதுதானே. கை உறையின் ஓரத்தைப் பிடித்தும்விட்டது. அப்போது மனைவி திரும்பினாள். தபால்காரரின் தோளுக்குமேல், எப்போதும்போல, தான் தைத்ததை ஒரு பார்வை பார்த்துச் சிரித்தாள். அவள் கண்ணெதிரே உருவினால் அவளுக்குத் தெரிந்துவிடும். தன்னைக் கீழே தள்ளியது தன் கைவேலைதான் என்று தெரிந்துபோகும். அப்புறம் அவள் ஊசியைத் தொடுவாளா? அவள் அந்தப் பக்கம் திரும்பட்டும், முதுகு தெரியட்டும், ஒரே ஒரு சுற்று, என்று அவர் காத்திருந்தார்.

பச்சை விளக்கு சிவப்பானது. பாட்டு நின்றது.

ஆடிக்கொண்டிருந்தவர்களின் செருப்புகள் இரண்டு தடவை தரையைத் தேய்த்தன, பிறகு அதுவும் இல்லை. நடுக்கூடத்தில் அவள் ஒரு கையை நீட்டியபடி நின்றிருந்தாள். தபால்காரருக்கு இழுக்கக்கூடாது என்று தெரியும். பிடித்த கையை மட்டும் விடாமல், மூச்சுக்கூட விடாமல் நின்றார். பக்கத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மகள் எழுந்துவிட்டாள்.

 வேன்காரர் உறையைப் பிடித்து இழுத்தார், வந்துவிட்டது. பெட்டி ஆறினால்தான் மறுபடி பாடும், அதுவரை அவளால் நிற்க முடியாது. உறையைக் கையில் பிடித்தபடியே ஓடினார். மனைவியின் தலை மெல்லத் திரும்பியது. மேசைமேல் மொட்டையாக நிற்கும் தகரப் பெட்டியைப் பார்த்தாள், அவர் கையிலிருந்ததைப் பார்த்தாள். அவருடைய உள்ளங்கை சிவந்திருந்ததையும் பார்த்தாள்.

“இதுதானா?”

பொய் சொல்லலாம். மின்சாரம் என்று சொல்லலாம், ஒயர் என்று சொல்லலாம். “ஆமா,” என்றார்.

“போன தடவையும்?”

“ஆமாம்மா.”

அவள் உதடு துடித்தது. வியாதியா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. அவள் உடம்பு முன்னால் சாய ஆரம்பித்தது. பாதம் அசையவில்லை. தபால்காரரின் கை இறுகியது. இந்தத் தரையில் டேப் ஒட்டக்கூடாது என்பது கூடத்துக் காவலாளியின் சட்டம். கோடு இல்லை, தாளம் இல்லை. வேன்காரர் அப்படியே மண்டியிட்டார். இன்னும் சூடாக இருந்த உறையை நீளவாக்கில் மடித்து, வெள்ளை நாடா மேலே தெரியும்படி அவள் கால்விரல்களுக்கு முன்னால் போட்டார்.

“தாண்டு.”

“நான் தச்சதுங்க அது.”

“தெரியும். அத மிதிக்காதே. தாண்டு.”

அவள் குனிந்து பார்த்தாள். ஏறி இறங்கிய தன் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குதிகால் கிடுகிடுவென்று ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு, யாரோ உள்ளிருந்து அவிழ்த்துவிட்டதுபோல வலது கால் எழுந்து நாடாவைத் தாண்டி அந்தப் பக்கம் ஊன்றியது. இடது காலும் பின்னாலேயே வந்தது. வந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது. இனி எதிரே வெறும் தரை.

தலைக்குமேல் நிழல் விழுந்தது. மகள் அம்மாவின் கையைப் பிடிக்கவில்லை. வா போகலாம் என்று சொல்லவில்லை. தோளில் கிடந்த சால்வையை உருவி, நீளவாக்கில் மடித்து, அப்பாவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள்.

“எவ்ளோ தூரத்துல போடணும்ப்பா?”

அவர் கையை விரித்து ஒரு சாண் காட்டினார். அவள் அங்கே போட்டாள், கொஞ்சம் கோணலாக விழுந்ததை நிமிர்த்தினாள். மேசைமேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பியூட்டி பார்லர்காரி தன் கழுத்துத் துணியை அவிழ்க்க ஆரம்பித்தாள்.  சால்வைக்குமேல் அந்த வலது பாதம் எழுந்து, ஊன்றும் இடத்தைத் தேடிக்கொண்டு நின்றது.