பூசினேன், கட்டவில்லை

கொத்தனார் நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றவர். எதையும் விரல் வைத்துத்தான் படிப்பார். நீதிமன்றத்தில் வக்கீல் நீட்டிய வாக்குமூலத்தையும் அப்படித்தான் படித்தார். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, கையெழுத்துதான் கேட்டேன். பரீட்சை வைக்கல" என்றார்.

விவகாரம் இதுதான். சின்ன வயதில் மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் அப்பா தன்னைப் பூட்டிவைத்தார் என்று ஒரு பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேல் நினைவு வந்தது. வைத்தியம் பார்த்த மருத்துவர், பேர் சொல்லாமல் அதைக் கட்டுரையாக எழுதினார். மறந்தது அப்படியெல்லாம் திரும்பி வராது என்று வாதாடும் பேராசிரியர் ஒருவர், துருவித் துருவித் தெருவைக் கண்டுபிடித்து, அங்கே வேலை பார்த்த கொத்தனாரிடம் வந்து நின்றார். வீட்டைக் காட்டியது கொத்தனார்தான். அதோடு அவள் பேர் வெளியே வந்துவிட்டது. மூடிவைத்ததைத் தோண்ட இவர் யார் என்று அவள் பேராசிரியர் மேல் வழக்குப் போட்டாள். கொத்தனார் அந்த வீட்டில் வேலை பார்த்தது அவள் பள்ளி விடுதிக்குப் போன பிறகு. அந்த அறையே அப்போதுதான் வந்தது என்றால் பேராசிரியர் தப்பித்துக்கொள்வார். அவள் பொய்க்காரி ஆவாள்.

நான்காவது வரியில் விரல் நின்றது.

"கட்டினேன்னு போட்டிருக்கு. நான் பூசினேன்னுதானே சொன்னேன்?"

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் பேராசிரியர்.

"உங்களுக்கு ஒண்ணு, சார். கட்டுறவன் சுவரை உண்டாக்குறான். பூசுறவன் இருக்கிற சுவருக்குச் சட்டை போடுறான்."

பேராசிரியரின் வக்கீல் பேனாவை மூடினார். பேராசிரியர் நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டு, கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருந்ததா என்று தணிவாகக் கேட்டார். இதோடு நாலு தடவை கேட்டாயிற்று. கொத்தனார் கண்ணை மூடினார். தாழ்ப்பாள் இல்லாத கதவு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. முதல் தடவை கேட்டபோது கதவே தெரியவில்லை. அவர் கண்ணைத் திறந்தார்.

"இது நீங்க கேட்டுக் கேட்டு வந்த கதவு, சார். இதுக்கு நான் சாட்சி இல்ல."

வக்கீலின் பேனாவை வாங்கி, அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே 'பூசினேன்' என்று எழுதினார். சுழி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. கீழே கையெழுத்துப் போட்டார்.

வராந்தா பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டைக் காட்டினது நீங்கதானா?"

"ஆமாம்மா. அறை முன்னாடியே இருந்துச்சு. அதை எழுதிக் கொடுத்துட்டேன். உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"அறை இருந்தது எனக்குத் தெரியும். வீட்டைக் காட்டலாமான்னு என்னைத்தான் யாரும் கேட்கல."



"கேட்டிருக்கணும்மா. அதையும் எழுதச் சொன்னா, எழுதிக் கையெழுத்துப் போடுறேன்."