முதுகில் காஜா வைத்த சட்டை

1968ஆம் வருஷம் மாசி மாதம், தாவீது முதுகில் செருகிய கத்தியோடு திருவள்ளூர் கோர்ட்டுப் படியேறி வந்து சாட்சி சொன்னார். அன்று பஜாரில் தக்காளி மலிவு, வெயில் சுமார். டவாலி பச்சையப்பன் வராந்தாவில் நின்று வழக்கம்போல மூன்று தடவை பெயரைக் கூவினார். மூன்றாவது தடவைக்குத் தாவீது கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். பைபிளில் கை வைத்து, முழு உண்மையையும் சொல்வதாகச் சத்தியம் செய்தார். அவருடைய வக்கீல் பூவராகவன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். சாட்சி திரும்பி நின்றபோதுதான் கத்தியின் பிடி எல்லோர் கண்ணிலும் பட்டது. சொட்டு ரத்தம் இல்லை. நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார். "அடுத்த வாய்தாவுக்குத் தவறாம வந்துடணும்" என்றார். தாவீது "வந்துடறேங்க" என்றார்.

வழக்கு இதுதான். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே சவுக்குமேட்டில் பண்ணைக் கூலிக்காரர்கள் குடிசை போட்டுப் பிழைத்துவந்தார்கள். பண்ணையின் பெரியவர் சாகும் முன் அந்த மேட்டை அவர்களுக்கே என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். மகன் குப்புராஜுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போவதாகக் காற்றுவாக்கில் சேதி வந்ததும், குடிசைகளைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். பெரியவர் சொன்னதைக் காதால் கேட்டவர்களில் உயிரோடு மிஞ்சியவர் தாவீது ஒருவர்தான். அவரைத் தீர்த்துவிட்டால் வழக்கு தீர்ந்தது என்பது பொன்னேரி டீக்கடை வரைக்கும் பேச்சாக இருந்தது. பூவராகவனுக்கும் அது தெரியும். பொன்னேரியில் குப்புராஜின் ஆட்கள் அதிகம் என்று, அவரே அலைந்து வழக்கைத் திருவள்ளூருக்கு மாற்றி வாங்கினார். தன் கட்சிக்காரரைக் காப்பாற்ற அவர் செய்த காரியம் அது. அதனால்தான் தாவீது ஊத்துக்கோட்டை வழியாக அவ்வளவு தூரம் பஸ்ஸில் வர வேண்டியதாயிற்று. பஸ்ஸை விட்டு இறங்கும் நெரிசலில் கத்தி ஏறிவிட்டது. பூவராகவன் இதை ஒருநாளும் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார், நாடி இல்லை. நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், அங்கும் ஒன்றுமில்லை. கத்தியை எடுத்தாலும் விட்டாலும் ஒன்றுதான் என்று அனுப்பிவிட்டார். நடந்து வந்து புகார் கொடுக்கிறவரை வைத்துக் கொலை வழக்குப் போட முடியாது என்று போலீஸில் கையை விரித்தார்கள். பூவராகவன் தாவீதைத் தன் வீட்டில் உட்கார வைத்து, இப்படி நடமாட எப்படி முடிகிறது என்று கேட்டார்.

"முழுசா சொல்றன்னு சத்தியம் பண்ணிக்கினேன் சார். அந்த வக்கீல் இன்னும் கேக்கவே இல்லியே. பாதியில எப்டிப் போறது?" என்றார் தாவீது.

எதிர்த்தரப்பின் பட்டணத்து வக்கீல் கெட்டிக்காரர். ஒரு மாதம் தாங்குமா இந்த உடம்பு என்று கணக்குப் போட்டு வாய்தா வாங்கினார். ஒரு தடவை வயிற்றுவலி, ஒரு தடவை மைத்துனி கல்யாணம், ஒரு தடவை திருப்பதி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பச்சையப்பன் கூவினார், தாவீது வந்து நின்றார். வாய்தா தள்ளத் தள்ளத் தாவீதும் இருந்தார். அவர் சாக வேண்டும் என்று வாங்கிய வாய்தாக்கள்தான் அவரைச் சாகவிடாமல் வைத்திருந்தன என்பது அந்தக் கெட்டிக்காரருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பூவராகவனுக்கு விளங்கிவிட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை.

தாவீதின் மனைவி விக்டோரியா அவருடைய சட்டைகளில் முதுகுப் பக்கம் ஒரு திறப்பு வெட்டி, ஓரம் பிரியாமல் பட்டன் துளைக்கு எடுப்பதுபோலக் காஜா எடுத்துத் தைத்தார். கத்திப்பிடி அதன் வழியாக ஒழுங்காக வெளியே நிற்கும். தாவீது குப்புறப் படுக்கப் பழகிக்கொண்டார். தூக்கம் மட்டும் வரவில்லை. வெயில் காலத்தில் காலனிப் பிள்ளைகள் அவர்மேல் சாய்ந்து உட்காருவார்கள், உடம்பு மண்பானை மாதிரி குளிர்ச்சியாக இருக்கும். அந்த வருஷங்களில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் முள்வேலிகள் வந்தன, பிறகு மதில்கள் வந்தன. சவுக்குமேட்டைச் சுற்றிலும் பூமி கைமாறிப்போனது. மேடு மட்டும் கோர்ட்டு உத்தரவால் இருந்தது இருந்தபடி இருந்தது. அந்த உத்தரவு குடிசைக்காரர்களையும் கட்டியது. வழக்கு முடியும்வரை ஒரு கீற்றுகூட மாற்றக் கூடாது.

1973இல் பட்டணத்து வக்கீல் காலமானார். புதிதாக வந்தவர் இளைஞர். தாவீதை ஏற இறங்கப் பார்த்தார், பழைய வாய்தாக்களைப் புரட்டினார், விஷயம் பிடிபட்டுவிட்டது. எழுந்து, குறுக்கு விசாரணையை இன்றைக்கே முடித்துக்கொள்ளத் தயார் என்றார். தாவீதை விழுங்கத்தான் அந்தத் தயார் என்று பூவராகவனுக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி வாய்தா வாங்கினார். அடுத்த தடவை ஒரு பெரியப்பாவைச் சாகடித்தார். வாய்தா கிடைத்த நாட்களில் வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சாப்பிட்டார். தாவீதை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

ஐப்பசி மழையில், கீற்று மாற்றாத கூரை ஒழுகி, மண்சுவர் ஊறி, மேட்டில் குடியிருந்த செங்கம்மாளின் குடிசை அவள்மேலேயே இடிந்து விழுந்தது. அவளைத் தோண்டி எடுத்தவர்களில் தாவீதும் ஒருவர். அடக்கம் முடிந்து மறுவாரமே விக்டோரியாவைக் கூட்டிக்கொண்டு வக்கீல் வீட்டுக்கு வந்தார்.

"போதும் சார். முடிச்சிடுங்க."

"முடிஞ்சா என்னாகும்னு தெரியுமில்ல, தாவீது?"

"தெரியும் சார். வலி ஒண்ணும் இல்ல, ருசிதான் இல்ல. கோயில்ல நற்கருணை குடுக்கறாங்க, வாயில வெச்சா மண்ணாட்டம் இருக்குது. எனக்காக அத்தினி ஊடும் நனைஞ்சிக்கினு இருக்கணுமா?"

பூவராகவன் விக்டோரியாவைப் பார்த்தார். அவர் கதவோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சம்மதம் என்று வக்கீல் எடுத்துக்கொண்டார்.

அடுத்த தேதியில் பூவராகவன் வாய்தா கேட்கவில்லை. இளைய வக்கீல் குடைந்து குடைந்து கேட்டார். கடைசியில், பெரியவர் சொன்ன வார்த்தைதான் என்ன, அதை அப்படியே சொல்ல முடியுமா என்று மடக்கினார்.

தாவீது சொன்னார்: "'நைனா, நான் செத்தா என்னைத் தூக்கப் போறவங்க நீங்கதான். இந்த மேடு உங்களுக்கே இருக்கட்டும்'னாருங்க. நாங்கதான் தூக்கினோம். இவுரு முன்னால நடந்து வந்தாருங்க." கை குப்புராஜைக் காட்டியது. குப்புராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

நீதிபதி, "சாட்சி இறங்கலாம்" என்றார். தாவீது கூண்டைவிட்டு இறங்கி, தாகமாக இருக்கிறது என்றார். இத்தனை வருஷத்தில் அவருக்கு வந்த முதல் தாகம். பூவராகவன் ஓடிப்போய் வராந்தாப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டுவந்து தானே புகட்டினார். "நல்லா இருக்குது சார்" என்றார் தாவீது. பிறகு வக்கீலின் மடியிலேயே சாய்ந்துவிட்டார். கத்தி தானாகக் கழன்று தரையில் விழுந்தது. 1968 மாசியில் பஸ் நிறுத்தத்தில் வந்திருக்க வேண்டிய ரத்தம் அப்போதுதான் வந்தது. வக்கீல் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதார். பச்சையப்பன் தன் குறுக்குப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையைத் துடைத்தார்.

தீர்ப்பு சவுக்குமேட்டுக்காரர்கள் பக்கம் ஆனது. செத்தவன் சாட்சி செல்லாது என்று குப்புராஜ் அப்பீல் போனார். அழைத்தபோது தாவீது வந்தார், சத்தியம் செய்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார், சாட்சிக்கு மூச்சு இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை என்று பூவராகவன் வாதாடினார். அப்பீல் தள்ளுபடியானது. மேட்டில் புதுக் கீற்று ஏறியது, சில வருஷத்தில் ஓடும் ஏறியது. பிள்ளைகள் வளர்ந்து பக்கத்து மதிலுக்குள் வேலைக்குப் போனார்கள்.

அப்பீல் ஜெயித்த வாரம் விக்டோரியா ஒரு துணிப்பையோடு வக்கீலைப் பார்க்க வந்தார். பைக்குள் போடாத ஒரு சட்டை இருந்தது. முதுகில் காஜா எடுத்திருந்தது.

"அடுத்த வாய்தாவுக்குன்னு தெச்சு வெச்சிருந்தேன். நீங்க போட்டுக்கோங்க" என்றார். வாசல்வரை போய் நின்றார். "ஊரெல்லாம் நனையறப்ப நான் இன்னா சொல்ல முடியும்? நீங்களாச்சும் இன்னும் ஒரே ஒரு வாய்தா கேட்டிருக்கக் கூடாதா சார்?"

கோபமில்லை அந்தக் குரலில்.

அதற்குப் பிறகு எதிர்த்தரப்பு எந்தக் காரணம் சொல்லி வாய்தா கேட்டாலும் பூவராகவன் மறுத்ததில்லை. எந்த வழக்கை யார் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களோ, நமக்கென்ன தெரியும் என்பார். சித்திரை வெயிலில் அவர் கறுப்புக் கோட்டைக் கழற்றும்போது சட்டையின் முதுகில் அந்தத் திறப்பு தெரியும். திருவள்ளூர் கோர்ட்டில் அதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லை.